பக்கத்து நாற்காலியைக் காலி செய்யாதீர்கள்

அவசர அழைப்பு மையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாகச் சேர்பவர்களின் பயிற்சிக் காலம் பற்றிய உங்கள் சுற்றறிக்கை கன்ட்ரோல் ரூமுக்கு வந்து சேர்ந்தது. வகுப்பறைப் பாடம் அப்படியே இருக்குமாம். அதற்குப் பிறகு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க அழைப்பு எடுக்கும் காலம் மட்டும் பாதியாகக் குறையுமாம். காரணத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை, காலிப் பணியிடங்கள் நிரம்பவில்லை, ஒரே அழைப்புக்கு இரண்டு பேரை உட்கார வைப்பது கட்டுப்படியாகவில்லை.

அந்த இரண்டாவது ஆள் நான்தான். பல வருடம் அழைப்பு எடுத்த பிறகு, இப்போது புதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே லைனில் இன்னொரு ஹெட்செட்டைச் செருகிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற மாதிரிதான் தெரியும். தணிக்கைக்கு வந்த ஒருவர் அதை வாய்விட்டே கேட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு அழைப்பை எடுத்துக்கொள்வோம். இது ஒருவருடைய கதை அல்ல, அடிக்கடி வரும் வகை. ஒரு பெண் பேசுகிறார், கணவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். முகவரி வாங்கியாயிற்று, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாயிற்று. புதியவர் திரையில் உள்ள வரிசைப்படி கேட்கிறார்.

"நினைவு இருக்காம்மா?"

"இல்லைங்க. கூப்பிட்டா அசையவே மாட்டேங்கறார்."

"மூச்சு விடறாரா?"

"விடறார், விடறார். குறட்டை மாதிரி சத்தம் வருது."

இந்த இடத்தில் புதியவரின் விரல் 'மூச்சு இருக்கிறது' என்ற கட்டத்துக்குப் போகும். சொல்வது மனைவி, நேரில் பார்த்துச் சொல்கிறார், அவரை நம்பாமல் யாரை நம்புவது? நான் அந்தக் கையைத் தடுத்துவிட்டு, முன்னால் இருக்கும் தாளில் ஒரு வரி எழுதிக் காட்டுவேன்: ஒவ்வொரு மூச்சுக்கும் 'இப்போ' சொல்லச் சொல். அந்தப் பெண்ணும் சொல்கிறார். "இப்போ." அதன் பிறகு சத்தமே இல்லை. திரையில் வினாடிகள் ஓடுகின்றன. மறுபடி ஒரு "இப்போ." அது மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் கிளப்பிவிடும் திணறல். திடீரென்று இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் இப்படி ஒரு திணறல் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பார்க்கிறவர்கள் குறட்டை என்பார்கள், முனகல் என்பார்கள், 'மூச்சு இருக்கு' என்று நிம்மதியோடும் சொல்வார்கள்.

தெரிந்த அந்த நொடியில் மற்றக் கேள்விகளை நிறுத்திவிட வேண்டும். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று, நான் எண்ணுகிறேன், என்னோடு சேர்ந்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்து கை மாற்றும் வரை. மின்னதிர்ச்சியால் மீட்கக்கூடிய வகை இதயநிறுத்தத்தில், யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த முதல் நிமிடங்களில் போய்ச் சேராது. அப்போது அந்த வீட்டில் இருப்பது ஒரு மனைவியின் இரண்டு கைகளும் போனில் எங்கள் குரலும்தான். இது நாங்கள் பெருமைக்குச் சொல்வதல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அமைந்திருக்கும் கிங் கவுண்டியில் 1980களின் தொடக்கத்திலேயே போன் வழியாக நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுப்பதை முறையான திட்டமாக ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. இந்தத் திணறல் மூச்சைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம். ஒலிப்பதிவு போட்டுக் காட்டுகிறோம். தேர்விலும் கேட்கிறோம், எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள். லைனில் கோட்டை விடுகிறார்கள். ஏனென்றால் தேர்வில் அது மூச்சைப் பற்றிய கேள்வி என்று முன்பே தெரியும். லைனில் ஒரு பெண் அழுகிறாள், பின்னால் குழந்தை கத்துகிறது, பக்கத்து மேசையில் யாரோ வயர்லெஸ்ஸில் தீயணைப்பு வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், நடுவில் 'விடறார்' என்று ஒரு தெளிவான பதில் வருகிறது. தெளிவான பதிலைச் சந்தேகப்படு என்று புத்தகம் சொல்லித் தரலாம். சந்தேகப்படும் பழக்கம் வருவதற்கு, சந்தேகப்படாமல் விட்ட கணத்திலேயே யாராவது கையைப் பிடிக்க வேண்டும். மறுநாள் ஒலிப்பதிவைப் போட்டு 'இங்கே தவறிவிட்டாய்' என்று சொல்வதால் அந்தப் பழக்கம் வராது, குற்ற உணர்ச்சிதான் வரும். அந்த மனிதருக்கும் பிரயோஜனமில்லை.

கேள்வி வரிசைகளை நான் குறைத்துப் பேசவில்லை. சால்ட் லேக் சிட்டி தீயணைப்புத் துறையில் மருத்துவராக இருந்த ஜெஃப் கிளாசன் 1970களின் பிற்பகுதியில் இந்தக் கேள்விகளை அட்டைகளில் ஒழுங்குபடுத்தினார். இன்று பல நாடுகளில் திரையில் ஓடும் மருத்துவக் கேள்வித் தொகுப்புக்கு மூலம் அதுதான். அது இல்லாத காலத்தில் ஒவ்வொருவரும் மனதுக்குத் தோன்றியதைக் கேட்டார்கள். ஆனால் அட்டை என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும், எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று சொல்லாது.

கதறுகிறவரிடம் 'அமைதியா இருங்க' என்று சொல்லிப் பாருங்கள். இன்னும் கத்துவார். அவர் குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கிறது, அவர் எதற்கு அமைதியாக இருக்க வேண்டும்? நாங்கள் செய்வது வேறு. ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே அளவு குரலில், திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதில் காரணமும் இருக்க வேண்டும். "உங்க பையனுக்கு உதவணும்னா நான் சொல்றதைக் கேளுங்க." கத்தல். "உங்க பையனுக்கு உதவணும்னா நான் சொல்றதைக் கேளுங்க." மறுபடி கத்தல், கொஞ்சம் குறைவாக. "உங்க பையனுக்கு உதவணும்னா நான் சொல்றதைக் கேளுங்க." பெரும்பாலும் மூன்றாவது நான்காவது தடவையில் ஒரு இடைவெளி விழும், அந்த இடைவெளியில் வேலை தொடங்கும். சொல்லக் கேட்டால் சுலபம். புதியவர்கள் யாராலும் முதலில் இதைச் செய்ய முடிவதில்லை. சொன்னதையே சொன்னால் கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு ஒவ்வொரு தடவையும் வாக்கியத்தை மாற்றுகிறார்கள், மாற்ற மாற்றக் குரல் ஏறுகிறது. ஐந்தாவது வாக்கியத்தில் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது நான் மேசை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டுவேன். குரலை இறக்கு என்று அர்த்தம். நாளாக ஆக அந்தச் சைகைக்குத் தேவை குறையும். ஒருநாள் தேவையே இருக்காது. அந்த நாள் எப்போது வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு வராது.

முகவரிக்கு வருகிறேன். எல்லாக் கேள்விக்கும் முன்னால் 'எங்கே' என்று கேட்பது லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்து போகும் என்பதால்தான். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தால் யாரையாவது அனுப்பலாம். மொபைல் போன் தானாகவே இடத்தைக் காட்டிவிடுமே என்று பலர் நினைக்கிறார்கள். காட்டும், ஒரு வட்டமாக. அந்த வட்டத்துக்குள் அடுக்குமாடிக் கட்டடம் இருந்தால் எந்த மாடி, எந்தக் கதவு என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நெடுஞ்சாலை விபத்தென்றால் எந்தத் திசையில் போகும் பக்கம் என்று கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கேள்விகளுக்கு நாங்கள் வாங்கும் வசவு கொஞ்சநஞ்சமல்ல. "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டியை அனுப்புங்க!" இடமும் காரியமும் தெரிந்தவுடனேயே பக்கத்து மேசையில் இருப்பவர் வண்டியைக் கிளப்பியிருப்பார். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதால் அது ஒரு நொடிகூடத் தாமதமாவதில்லை. இதைப் பொதுமக்களுக்கு யாராவது விளக்கிச் சொன்னால் எங்கள் பாதி வசவு குறையும். அது வேறு மடலுக்கான விஷயம்.

பக்கத்து மேசை என்று சொன்னேனே, அந்த இரண்டு மேசைக்கும் நடுவில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. 2008 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் டெனிஸ் ஆம்பர் லீ என்ற 21 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். கடத்தியவனின் போனையே எடுத்து அவர் அங்குள்ள அவசர எண்ணான 911க்கு அழைத்தார், அவனிடம் கெஞ்சுவது போலவே எதிர்முனையில் இருந்தவரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறகு சாலையில் இன்னொரு பெண் தன் காருக்குப் பக்கத்துக் காரிலிருந்து அலறல் கேட்டு 911ஐ அழைத்தார். கார் எந்தச் சாலையில் போகிறது என்று நிமிடக்கணக்கில் லைனிலேயே இருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அழைப்பு அடுத்த மாவட்டத்தின் மையத்துக்குப் போயிருந்தது. எடுத்தவர் அதைக் கணினியில் முறையாகப் பதியவில்லை, அறையில் இருந்தவர்களிடம் வாயால் சொன்னார். ரோந்து வண்டிகளுக்கு அந்தத் தகவல் போகவே இல்லை. டெனிஸ் கொல்லப்பட்டார்.

அந்த அறையில் யாரும் வேலை செய்யாமல் இல்லை. தகவல் காதுக்கு வந்தது, காதிலிருந்து வாய்க்கும் வந்தது. வாயிலிருந்து வண்டிக்குப் போகும் பாதைதான் அறுந்தது. அறை முழுவதும் ஒரே விஷயத்தில் பதறிக்கொண்டிருக்கும்போது 'சொல்லிவிட்டேன்' என்பதற்கும் 'போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன்' என்பதற்கும் வித்தியாசம் மறந்து போகும். எனக்குப் பயிற்சி கொடுத்தவர், நான் எதையாவது அடுத்த மேசைக்குக் கத்தினால், நாற்காலியைத் திருப்பி என் திரையைப் பார்ப்பார். பேச மாட்டார். திரையில் ஏறாத தகவலை அவர் கணக்கிலேயே எடுக்க மாட்டார். நானும் இன்று அதையேதான் செய்கிறேன்.

டெனிஸின் மரணத்துக்குப் பிறகு அவர் பெயரிலேயே புளோரிடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதலில் பயிற்சியை விருப்பத்துக்கு விட்டார்கள், பிறகு 232 மணிநேரப் பயிற்சியையும் சான்றிதழையும் கட்டாயமாக்கினார்கள். வாரத்துக்கு 40 மணிநேரம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு வாரம். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கணக்கையும் பேசிவிடுவோம். கன்ட்ரோல் ரூமின் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. அழைப்புகளில் எத்தனை சதவீதம் எத்தனை வினாடிக்குள் எடுக்கப்பட்டன என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். அமெரிக்காவின் தேசிய அவசர எண் சங்கம் 90 சதவீத அழைப்புகளை 15 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல அளவுகோல்தான், அதன் வேரும் எனக்குத் தெரியும். 1935 நவம்பர் 10 அன்று லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டைவீட்டுக்காரர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆள் எடுக்காமல் வரிசையில் காத்துக் கிடந்தார். ஆத்திரத்தில் தி டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து விசாரணைக் குழு அமைந்து, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் லண்டனில் தொடங்கியது. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஒரு ஹாரன் அலறும். சத்தம் தாங்காமல் ஆபரேட்டர்கள் அந்த ஹாரனுக்குள் டென்னிஸ் பந்தைத் திணித்து வைத்தார்கள் என்று சொல்வார்கள். எந்த கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவருக்கும் இது புரியும். கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று என்னைக் கேட்ட சகாவுக்கும் இதே கதையைத்தான் சொன்னேன்.

ஆக, அந்தக் காலத்துச் சிக்கல் யாரும் போனை எடுக்காதது. அதனால் எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். இன்றும் அதையேதான் அளக்கிறோம், எடுத்த பிறகு நடப்பதை அந்தச் சுவர்த் திரை காட்டுவதில்லை. பயிற்சியைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் என் மேசைக்குத் திரும்புவேன், புதியவர் தனியாக இன்னொரு மேசையில் உட்காருவார். எடுக்கும் கைகள் கூடும். சுவரில் எண் பச்சையாகும். அடுத்த கூட்டத்தில் சீர்திருத்தம் பலன் தந்தது என்று யாராவது அறிக்கை படிப்பார். அதே மாதத்தில் 'குறட்டை மாதிரி சத்தம் வருது' என்ற பதிலுக்கு எத்தனை பேர் தவறான கட்டத்தை அழுத்தினார்கள் என்பது எந்த அறிக்கையிலும் வராது. வேலை கெடும்போது எண் நன்றாகத் தெரியும். இந்த முடிவில் எனக்குப் பயம் தருவது இதுதான்.

ஆள் பற்றாக்குறை பொய் என்று சொல்லவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். எங்கள் வேலையில் கதைக்கு முடிவு கிடைக்காது. குழந்தைக்கு மூச்சு வந்ததா, அந்தப் பெண் கதவைத் திறந்து வெளியே ஓடினாளா, தெரியாது. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் லைன் முடிந்துவிடும், அடுத்த மணி அடித்துவிடும், அது பெரும்பாலும் யாரோ தவறிப் பையில் அழுத்திய போனாக இருக்கும். நேரில் எதையும் பார்க்காதவர்களுக்கு மனக்காயம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மிஷெல் லில்லி, ஹெதர் பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 911 பணியாளர்களிடம் ஆய்வு செய்து, நிகழ்விடத்தில் இல்லாதவர்களையும் அது பாதிக்கிறது என்று 2012இல் வெளியிட்டார்கள். முதல் மாதங்களில் அந்தப் பாதிப்பைக் கண்டுபிடிப்பது மருத்துவர் அல்ல, பக்கத்து நாற்காலிக்காரர்தான். ஒரு அழைப்பு முடிந்ததும் புதியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அடுத்த அழைப்பை நான் எடுப்பேன். நான் இல்லாவிட்டால் அவரே எடுப்பார். அப்படித் தனியாக எடுத்தவர்கள்தான் சீக்கிரம் ராஜினாமா கடிதம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலியை நிரப்புவதற்காகப் பயிற்சியைக் குறைத்தால் அதே நாற்காலி மறுபடி காலியாகும்.

பளுவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. எங்களுக்கு வரும் அழைப்பில் அவசரமில்லாதவை ஏராளம். தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டில் சத்தம், மருந்துக்கடை எத்தனை மணி வரை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996லேயே இவற்றுக்கென்று 311 என்ற தனி எண்ணைக் கொடுத்தது. அந்த அழைப்புகளை எடுக்க ஆறு வாரப் பயிற்சி வேண்டாம். புதிய ஆட்களை முதலில் அங்கே உட்கார வையுங்கள். குரல் பழகும், கணினி பழகும், எங்கள் லைனும் காலியாகும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பக்கத்தில் உட்காரும் காலத்தை நாட்களால் அளக்காதீர்கள். இதயநிறுத்தம், பிரசவம், தீ, குடும்ப வன்முறை, தற்கொலை எண்ணத்தோடு பேசுபவர் என்று ஒவ்வொரு வகையிலும் ஒரு அழைப்பையாவது துணையோடு எடுத்து முடித்த பிறகுதான் தனி மேசை. ஒரு வகை வராமலே போனால் பழைய ஒலிப்பதிவோடு ஒத்திகை பாருங்கள், ஆனால் அதை வந்ததாகக் கணக்கு எழுதாதீர்கள். பயிற்சி கொடுக்கும் நேரத்தில் பயிற்சியாளரின் தலையில் வேறு மேசையின் வேலையைக் கட்டாதீர்கள். அவருக்கு அதற்கென்று ஒரு படித்தொகை கொடுங்கள். இப்போது அது சீனியர் செய்யும் உபகாரமாக நடக்கிறது. 'இவர் இன்னும் தயாராகவில்லை' என்று பயிற்சியாளர் எழுதினால் அதை மீற ஷிப்ட் மேலாளருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. 'இந்த வேலை இவருக்குச் சரிப்படாது' என்று எழுதும் உரிமையும் வேண்டும். மிக நல்ல மனிதர்கள் சிலருக்கு இது வரவே வராது. அதைச் சீக்கிரம் சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதிக் குழு உறுப்பினர்கள் கேட்பார்கள். எங்கள் பதவியை எழுத்தர் பட்டியலில் வைத்திருக்கும்வரை இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவின் மத்தியத் தொழில் பட்டியலிலும் 911 பணியாளர்கள் அலுவலக உதவியாளர்களோடு வைக்கப்பட்டிருந்ததை எதிர்த்து, காவலர், தீயணைப்பு வீரர் இருக்கும் பிரிவுக்கு மாற்றக் கோரி அங்கே மசோதாவே கொண்டுவந்தார்கள். தட்டச்சு செய்கிறோம் என்பதால் எழுத்தர் என்றால், கத்தி பிடிப்பதால் அறுவை மருத்துவரைச் சமையற்காரர் என்று சொல்லிவிடலாம்.

சுற்றறிக்கை அடுத்த குழுவிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று இருக்கிறது. அந்தக் குழுவின் வகுப்பறைப் பாடம் முடிவதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றால் நன்றி. பெற மாட்டோம் என்றால், துணையில்லாமல் எடுக்கப்படும் அழைப்புகளின் ஒலிப்பதிவை வாராவாரம் யார் கேட்பார், தவறு கண்டால் யார் பொறுப்பேற்பார் என்பதைப் பெயரோடும் பதவியோடும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கன்ட்ரோல் ரூமின் பயிற்சியாளர்களில் ஒருத்தி